திருகு எந்தப் பக்கம் இருந்தது

வேண்டாம் அக்கா. குங்குமம் கொடுங்கள், வைத்துக்கொள்கிறேன். சந்தனம் மட்டும் வேண்டாம். அலர்ஜி எல்லாம் இல்லை. தொடுவதில்லை, அவ்வளவுதான். கோவில் பிரசாதத்தை வேண்டாம் என்கிறாளே, திமிர் பிடித்தவள் என்று நினைக்கிறீர்கள். முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை. நானும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற ஆள்தான். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஏன் தொடுவதில்லை என்றா கேட்கிறீர்கள்? கேட்டுவிட்டீர்கள், பிறகு பஸ் ஆடுகிறது என்று பாதியில் தூங்கக்கூடாது.

என் பேர் மேகலா. வருகிற சித்திரையில் பதினெட்டு. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று எல்லோரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள். பிடிக்கவில்லை, நின்றேன். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற ஷெட்டுகள் நிறைய இருப்பது தெரியும்தானே? எங்கள் ஷெட்டில் பஸ் இல்லை, கேரவன். வேனை வாங்கி வந்து உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், டிவி எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கிக் கொடுப்போம். முன்னெல்லாம் சினிமாக்காரர்கள் மட்டும் கேட்பார்கள். இப்போது ரிட்டையர் ஆனவர்களும் ஊர் சுற்றக் கேட்கிறார்கள். அதற்கு ஒயரிங் செய்வது நான். எடுபிடி இல்லை, ஒயரிங்மேன். மேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கேரவன் கூரையில் ஒரு ஃபேன் வைப்போம். கூரையைச் சதுரமாக வெட்டி அதில் ஃபேனை உட்கார வைத்து, மேலே ஒரு மூடி. உள்ளே கேஸ் அடுப்பில் இருப்பது போல ஒரு திருகு. ஆட்டோவில் திருப்பி வைத்தால், உள்ளே சூடு ஏறியதும் மூடி தானாகத் திறக்கும், ஃபேன் ஓடும், அனலை வெளியே தள்ளும். மழை வந்தால் மூடி தானாக மூடிக்கொள்ளும். மழை வந்தது அதற்கு எப்படித் தெரியும்? மூடிக்கு அடியில், மூடியிருந்தாலும் சாரல் படுகிற ஓரத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் செம்புக் கோடுகள். கோட்டில் ஈரம் பட்டால் மூடு, காய்ந்தால் திற. மழை சென்சார் என்போம். இது ஒன்று புரிந்தால் போதும், மற்றது தானாகப் புரியும்.

லாலாப்பேட்டையில் திருமேனி சார் என்று ஒருவர். ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். போன ஆவணியில் எங்களிடம் ஒரு கேரவன் கட்டி எடுத்துப் போனார். வண்டி எடுக்கிற அன்றைக்கு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் டிக் அடித்து, கீழே என் கையெழுத்து வாங்கினார். அப்படி ஒரு மனுஷர். ஆயுத பூஜைக்கு வண்டி ஷெட்டுக்கு வந்துவிட்டுப் போனது. நாங்கள் கட்டின வண்டி எல்லாம் ஆயுத பூஜைக்கு ஷெட்டுக்கு வரவேண்டும், அது எங்கள் முதலாளி சென்னியப்பண்ணன் வைத்திருக்கிற வழக்கம்.

பூஜை முடிந்து பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். வண்டியை ஓட்டி வந்தது ஒரு ஆக்டிங் டிரைவர். சார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது யோசித்தால், நான் கவனிக்காதது ரொம்ப இருக்கிறது.

"பாப்பா, மேல இருக்கிற ஃபேன்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாரு" என்றார்.

"என்ன பண்ணுது சார்? நின்னு போகுதா, சத்தம் வருதா?"

"நீ பாரு. பாத்துட்டுச் சொல்லு."

என்ன கோளாறு என்று சொல்லாமல் பாரு பாரு என்றால் எனக்குக் கோபம் வரும். வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் போய், எங்கே வலிக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்பானா? ஆனாலும் ஏறினேன். எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. கை வைப்பதற்கு முன்னால் எல்லா ஸ்விட்சையும் ஆஃப் செய்ய வேண்டும், வேலை செய்கிற இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். திருகை ஆஃபுக்குத் திருப்பினேன். ஏணி போட்டுக் கூரையில் ஏறி, மூடியைக் கையால் தூக்கி, சுற்றிலும் அடியிலும் துடைத்தேன். பிறகு ஃபியூஸ் பார்த்தேன், சரி. பேட்டரி வோல்டேஜ் ஃபேன் வரைக்கும் வருகிறதா, வருகிறது. எர்த் லூசா, இல்லை. மூடியைத் தூக்குகிற மோட்டார், சரி. திருகை ஆட்டோவில் வைத்து, சூடு பார்க்கிற சென்சாருக்குப் பக்கத்தில் ஹேர் டிரையரைக் காட்டினேன். டக்கென்று மூடி திறந்தது, ஃபேன் ஓடியது. மேலே ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன், மூடிக்கொண்டது. பத்து நிமிஷத்தில் காய்ந்தது, தானாகத் திறந்தது. புது ஃபேன் மாதிரி.

சார் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கீழேயே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை. டீ வாங்கிக் கொடுத்தால் ஆறிப்போகிற வரை கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கு."

"ஒரு தடவைகூட நிக்கலையா?"

"நிக்கலை."

"இன்னொரு வாட்டி பாரு பாப்பா."

பார்த்தேன். இன்னொரு வாட்டி. அதற்குப் பிறகு இன்னொரு வாட்டி. பொருள் நன்றாக இருக்கிறது என்றால் மனுஷன் சந்தோஷப்படத்தானே வேண்டும்? இவர் முகம் ஒவ்வொரு வாட்டியும் வாடிக்கொண்டே போனது. ஐந்தாவது தடவை கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு வண்டி பாக்கி.

"சார், ஃபேன்ல ஒண்ணும் கிடையாது. நீங்கதான் போட மறந்திருப்பீங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை. மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை.

"அப்படியா" என்றார். "அப்படித்தான் இருக்கும். சரி பாப்பா, அதை எழுதிக் கொடுத்துரு."

ஜாப் கார்டில் எழுதினேன். 'கூரை ஃபேன் சோதித்தது. கோளாறு இல்லை.' கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே சென்னியப்பண்ணன் கையெழுத்து. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே ஆக்டிங் டிரைவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். வண்டியை விட்டுவிட்டுப் போனார். கதவின் உள்பக்கப் பலகையை மாற்ற வேண்டும் என்று வீட்டம்மா சொல்லியிருந்தார்களாம்.

மறுநாள் அந்தப் பலகையைக் கழற்றினேன். கதவின் அடிப்பக்கம், என் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, கீறல். ஒன்றிரண்டு என்றால் கீறல் என்று சொல்லலாம். அங்கே லேமினேட்டே இல்லை, உள்ளே இருக்கிற மரத்தூள் தெரிந்தது. அதில் ஒரு நகத் துணுக்கு குத்தி நின்றது.

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பலகைக்கு என்ன கலர் என்று கேட்க வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். கோதைநாயகி என்று பேர்.

"ஏனுங்க, இது நாய் கீறினதுங்களா?"

"எங்க மேஸ்திரி, கண்ணு."

மேஸ்திரி என்பது நாய்க்குப் பேர். வீட்டில் கொத்தனார் வேலை நடந்தபோது தினமும் எதிரே உட்கார்ந்து முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்குமாம், அதனால் அந்தப் பேர்.

"மலைக் கோவிலுக்குப் போயிருந்தோம். உள்ள நாயை விடமாட்டாங்க. தூறல் போட்டுச்சு, ஜன்னலைச் சாத்திட்டோம். ஃபேன் போட்டீங்களான்னு கேட்டேன். போட்டேன்னார். இருபது நிமிஷத்துல வந்துரலாம்னு போனோம், வரிசை ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. தூறல் விட்டு வெயில் கொளுத்துது. வந்து பாத்தா மூடி சாத்தியிருக்கு, ஃபேன் ஓடலை. மேஸ்திரி உள்ளயே போயிருச்சு." அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்கள்: "ஃபேன் ரிப்பேரா இருக்கும்னு அவர் சொல்லிட்டே இருந்தார். நீ பாத்துட்டு, அவர்தான் மறந்துட்டார்னு சொன்னியாமே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? "ஆமாங்க, பலகை வெள்ளையா, மரக் கலரா?" என்று கேட்டேன்.

பலகையை மாற்றினேன். வண்டி லாலாப்பேட்டைக்குப் போனது. பழைய பலகையைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். அதை யாரும் தூக்கிப்போடவில்லை, நானும் தூக்கிப்போடவில்லை. கம்ப்ரஸர் ஓடும்போது அது சுவரில் உரசும், கரக் கரக் என்று. ஷெட்டில் இரைச்சலுக்கா பஞ்சம்? ஆனால் அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. கேட்டது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

இது ஐப்பசியில் நடந்தது. இப்போது மாசி. இடையில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை பார்த்தேன். வயசானவர், மறந்துவிட்டார், பாவம் நாய். இப்படித்தான் நினைத்தேன். எங்கள் வேலையில் ஒவ்வொருவர் மறதிக்கும் உட்கார்ந்து அழ முடியாது.

போன வாரம் ஒரு ஷூட்டிங் கேரவன் வந்தது. அதுவும் ஆயுத பூஜைக்கு வந்து போன வண்டிதான். வாட்டர் வாஷ் அடித்து வெயிலில் நிறுத்தினார்கள். கூரை ஃபேன் மூடி திறக்கவில்லை என்றார்கள். வண்டி மேலே எல்லாம் காய்ந்துவிட்டது, மூடி மட்டும் திறக்கவில்லை. நான் ஏறினேன். அன்றைக்கு ஈரத்துணி கையில் இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அதனால் துடைக்காமல் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.

மழை சென்சார் மேல் ஒரு பொட்டு. சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். தண்ணீரைக் குடித்துக் கொழகொழவென்று உட்கார்ந்திருந்தது.

அது என் பொட்டு அக்கா.

பூஜையன்றைக்கு எல்லா வண்டிக்கும் பொட்டு வைக்கிறது என் வேலை. கரண்ட் போகிற எல்லாத்துக்கும் வெச்சிரு மேகலா, ஒண்ணு விடாதே என்பார் சென்னியப்பண்ணன். ஸ்டீயரிங், பேட்டரி, ஒவ்வொரு ஸ்விட்ச், அடுப்பு, ஃபேன். பதினாலு வண்டி. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடுவேன். ஃபேன் பூராவும் வளைவும் பிளேடும், பொட்டு நிற்காது. தட்டையாக இருக்கிறது இந்த ஒரு இடம்தான். பார்க்க நெற்றி மாதிரியே இருக்கும். அதில் வைத்தேன். எல்லா வண்டியிலும்.

அந்தத் தட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும். ஒயர் கொடுத்தது நான்தான். தெரிந்த கைதான் பொட்டும் வைத்தது. இரண்டும் ஒரே ஆள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை செய்கிறபோது வேலை, பூஜை என்றால் பூஜை.

உடனே ஸ்டோரில் இருந்து ஒரு ஸ்பேர் ஃபேனை எடுத்து வெயிலில் வைத்தேன். சென்சாரில் பொட்டு வைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் தண்ணீர் தெளித்தேன். மூடிக்கொண்டது. மூடிக்கொண்டதும் உள்ளே நிழல், காற்று இல்லை, சந்தனம் ஈரத்தை விடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். மூடிக்கொண்டே இருந்தது. வெயில் என் மேலேதான் அடித்தது. எழுந்து நிழலுக்குப் போகலாம் என்று மூன்று தடவை தோன்றியது. போகவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. அன்றைக்கு நான் துடைத்த துணி மஞ்சளாக இருந்தது. தூசி என்று நினைத்தேன். கோளாறைத் துடைத்து எறிந்துவிட்டுத்தான் கோளாறு தேடியிருக்கிறேன். இன்னொன்று. நான் வண்டிக்குள் போனபோது திருகு ஆட்டோவில் இருந்தது. நான்தான் அதை ஆஃபுக்குத் திருப்பினேன். என் விரலுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் சார் ஃபேனைப் போட்டிருக்கிறார். மறக்கவில்லை.

சென்னியப்பண்ணனிடம் சொன்னேன்.

"நாய்தானே மேகலா" என்றார்.

"நாய்தாண்ணே. ஆனா அவர் மறந்துட்டார்னு நான் சொன்னேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரல்ல? முடிஞ்ச கதை. பூசை போட்டதாலதான் இப்படின்னு வெளிய தெரிஞ்சா, அடுத்த வருசம் எவன் வண்டி கொண்டாருவான்? போய் எல்லா வண்டிக்காரனுக்கும் போனைப் போட்டு, சென்சாரைத் துடைக்கச் சொல்லு. சர்வீஸ் டிப்ஸுன்னு சொல்லு. வேற ஒண்ணும் உளறாத."

போன் போட்டுச் சொன்னேன். அது நியாயம்தானே, இன்னொரு நாய்க்கு ஆகக்கூடாது. ஆனால் லாலாப்பேட்டைக்கு மட்டும் போன் செய்யவில்லை. இன்றைக்கு வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டு நேரில் போனேன். அங்கே இருந்துதான் இப்போது வருகிறேன்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. வாசலில் கேரவன் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. கதவைத் திறந்தது சார்தான். என்னைப் பார்த்ததும், "ஃபேன் பாப்பா" என்றார். மறதிக்காரருக்கு நாலு மாசம் கழித்து என்னைத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

வீடு முழுக்கச் சீட்டு ஒட்டியிருந்தது. 'கேஸ் மூடியாச்சா?' 'மோட்டார் நிறுத்தியாச்சா?' 'வெளியே போகும்போது சொல்லவும்.' எல்லாம் கோதைநாயகி அம்மா கையெழுத்து. சாவி எல்லாம் அவர்கள் இடுப்பில். ஓசூரில் இருக்கிற மகன் வந்து லைசென்ஸை எடுத்துப் போய்விட்டானாம். ஒரு டாக்டரிடம் கூட்டிப் போய், கடிகாரம் வரையச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்களாம். சரியாகத்தான் செய்தாராம். "ஆனா கை நடுங்குச்சு பாப்பா" என்றார். அம்மா அவரைத் திட்டுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை. "சட்டைப் பொத்தான்" என்கிறார்கள், அவர் குனிந்து பார்த்துப் போட்டுக்கொள்கிறார். முப்பத்தாறு வருஷம் பச்சைக் கொடி காட்டி ரயிலை அனுப்பின மனுஷர், முருங்கைக்கீரை பறிக்கத் தோட்டத்துக்குப் போகட்டுமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். பொட்டு, தூறல், துணி, இரண்டு மணி பத்து நிமிஷம், திருகு. "நீங்க மறக்கலை சார். ஃபேனைப் போட்டிருக்கீங்க. நான் சொன்னது தப்பு" என்றேன். அழுவார், அல்லது என்னை அறைவார் என்று நினைத்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவர் சிரித்தார்.

"இல்ல பாப்பா. நான் போடலை."

"சார், திருகு ஆட்டோல இருந்துச்சு."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கை திருகுகிட்டப் போச்சு. அப்ப மேஸ்திரி வந்து காலை நக்குச்சு. குனிஞ்சு தட்டிக் கொடுத்தேன். கோதை வெளிய இருந்து குடையைக் கேட்டா. குடையை எடுத்துட்டு அப்படியே கதவைச் சாத்திட்டேன். அது தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பாத்துச்சு. போடலை பாப்பா."

அந்தக் குடை என்ன கலர் என்றுகூடச் சொன்னார்.

"இதெல்லாம் எப்ப சார் ஞாபகம் வந்துச்சு?"

"முதல்ல போட்ட மாதிரிதான் இருந்துச்சு. நீ சொன்னியே, மறந்திருப்பீங்கன்னு. அதுக்கப்புறம் பஸ்ல போறப்போதான் ஒவ்வொண்ணா வந்துச்சு."

அக்கா, இந்த பஸ் மாதிரி ஒரு பஸ். இதே ரோடு. நான் அங்கே இரண்டாவது வண்டிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன், இவர் இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, நடக்காத ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டு வருகிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னைக்கு நான் சொன்னதை நம்புனீங்கல்ல? இன்னைக்கும் நான்தானே சொல்றேன், நம்புங்க" என்றேன்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்த ஜாப் கார்டை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். "நீ இப்ப வாயால சொல்ற. அன்னைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. எதை நான் எடுத்துக்கிறது?"

பேனாவைக் கேட்டேன். 'கோளாறு இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிச்சு எழுதக்கூடாது பாப்பா. எழுதினா அதுக்குப் பக்கத்துல மேல இருக்கிறவர் கையெழுத்து வேணும். இல்லேன்னா அது கிறுக்கல்."

"எங்க ஓனர் கையெழுத்து வாங்கிட்டு வந்தா நம்புவீங்களா?"

முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, உடனே போய்விட்டது. "பேப்பர் சரியா இருந்தா, அது சரிதான்" என்றார்.

கோதைநாயகி அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிளம்பினபோது கேட் வரைக்கும் கூடவே வந்தார்கள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள்.

"இந்த விரலா?"

மோதிர விரல். ஆமாங்க என்றேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வலிக்கப் பிடிக்கவில்லை. நல்லபடியாகவும் பிடிக்கவில்லை.

"திருகு எங்க இருந்துச்சுன்ன, கண்ணு?"

"ஆட்டோலங்க. நானே பாத்தேன். அதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள யாரும் கை வைக்கலை இல்லீங்களா?"

"நான் வெச்சேன்" என்றார்கள்.

எப்போது என்று கேட்டேன்.

"கதவைத் தொறந்ததும் அனல். மேஸ்திரி வாசப்படிக்கிட்டக் கெடக்கு. அதைத் தூக்கக்கூடத் தோணலை. காத்து வரட்டும்னு ஓடிப்போய்த் திருகைத்தான் திருப்பினேன். அது எந்தப் பக்கம் இருந்துச்சு, கடைசியா எந்தப் பக்கம் விட்டேன், ஒண்ணும் தெரியாது. கண்ணெல்லாம் தண்ணி. இப்படியும் அப்படியும் திருப்பினேன். மூடி திறக்கலை."

"திறக்கலையா?"

"திறக்கலை."

"அப்பவே ஃபேன் கோளாறுன்னு தெரிஞ்சிருக்குமேங்க. இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டா?" என்றார்கள். பிறகு, என்னைப் பார்க்காமல் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "திறக்கலைன்னதும் நான் மேல பாத்திருக்கணும். திரும்பி அவர் மூஞ்சியப் பாத்தேன். போடலியேன்னு கேட்டேன். அப்படிக் கேட்டுட்டேன், கண்ணு. அதுக்கப்புறம் நான் திருப்பினதே எனக்கு மறந்துபோச்சு. இப்ப நீ திருகுன்னு சொன்னதும்தான்."

உங்களுக்குப் புரிகிறதா? ஆட்டோவில் வைத்தது சாராகவும் இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, சாமிக்குத் தெரிந்தாலும் சாமி ஜாப் கார்டில் எழுதப் போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான். அவர் போட்டிருந்தாலும் அந்த மூடி திறந்திருக்காது. தூறல் விழுந்த நிமிஷத்திலிருந்து அது மூடித்தான் இருந்திருக்கும், என் பொட்டால். ஆனால் சாருக்கு அது போதாது. நாய் எப்படிச் செத்தது என்று அவர் கேட்கவில்லை. போட்டேனா இல்லையா, அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அவர் தலைக்குள் வேலை நடக்கிறதா இல்லையா என்பது.

"எழுதறப்ப, நான் திருப்பினதை எழுதாத" என்றார்கள்.

"அது பொய்யில்லீங்களா?"

"நீ பாத்தது ஆட்டோ. அதை எழுது. பாக்காததை எதுக்கு எழுதற?"

அவர்கள் உள்ளே போனார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சுவரில் ஒட்டியிருந்த சீட்டு ஒன்றைக் கிழித்தார்கள். சார் பதறிப்போய் எழுந்தார். "அதைக் கிழிக்காத கோதை, நான் மோட்டாரை மறந்துருவேன்" என்றார். கீழே விழுந்த துண்டைப் பொறுக்கினார். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நேராக ஷெட்டுக்குத்தான் போகிறேன். சென்னியப்பண்ணன் கையெழுத்துப் போடமாட்டேன் என்பார். போடுகிற வரைக்கும் ஷெட் வாசலில் நிற்பேன். வேலையை விட்டு நிறுத்துவார். நிறுத்தட்டும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. ஒயரிங் பண்ணுகிற பெண்ணுக்குக் கரூரில் இன்னொரு ஷெட் கதவைத் திறக்குமா தெரியாது. இருந்தாலும் நிற்பேன். என்னென்ன எழுத வேண்டும் என்று மனசுக்குள் எழுதிவிட்டேன். 'மழை சென்சாரில் ஆயுத பூஜைச் சந்தனம் இருந்தது. அதனால் மூடி திறக்காது. சந்தனம் வைத்தது மேகலா. வண்டி ஷெட்டுக்கு வந்தபோது திருகு ஆட்டோவில் இருந்தது.' நாலு வரி. நாலும் நிஜம். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் மறைத்ததில்லை நான், எல்லோரும் அதற்காகவே என்னைத் திட்டுவார்கள்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? மாயனூரா? இதுதான் மாயனூர். எழுந்திருங்கள், டிரைவர் சும்மா பிரேக்கைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். பையை நான் எடுத்துத் தருகிறேன்.

எழுதாத ஐந்தாவது வரி உங்களிடம் இருக்கட்டும் அக்கா. பார்த்து இறங்குங்கள்.